அழித்த எண்ணை எழுந்து வரவிடாதவள்

என் மனைவிக்கு அலுவலகத்தில் ‘பூட்டு’ என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறோம், யாருக்கும் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. நான் ஓட்டும் ஆம்புலன்ஸ் அந்த அலுவலகத்துக்குக் கீழேயுள்ள கொட்டகையில்தான் நிற்கிறது. மாடியில் பேசுகிற வம்பெல்லாம் டீ தம்ளர்களோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். முதல்முறை கேட்டபோது எவன் சொன்னான் என்று விசாரித்து அவன் சட்டையைப் பிடித்துவிடலாமா என்றிருந்தது. அவள் சிரித்தாள்.

“பூட்டுன்னா நல்ல பேருதானே. கதவுன்னு வெச்சிருந்தா அவனவன் தள்ளிட்டுப் போயிருப்பான்.”

எனக்கு மூக்கின் மேல் கோபம். அவளுக்குக் கோபமே வராது. அதற்குப் பதிலாகப் பிடிவாதம் வரும். இந்த இரண்டில் வீட்டுக்கு எது கெடுதல் என்று எங்கள் மகளைக் கேட்டால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கைகாட்டுவாள்.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் மாடியில், ஜன்னலே திறக்காத ஓர் அறையில் அவளுக்கு வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் உள்ளே சர்வருக்காகக் குளிரூட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஊரே விசிறிக்கொண்டு நடக்கும் மாதத்தில் கம்பளிச் சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஒரே பிறவி என் மனைவிதான். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதையெல்லாம் அவள் சட்டை செய்ததே இல்லை.

மாவட்டத்தில் உள்ள சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எந்த மருந்து எத்தனை குப்பி இருக்கிறது என்ற எண்ணிக்கையைக் காப்பது அவள் பொறுப்பு. நர்ஸ் ஒரு குப்பியை எடுத்தால் பொத்தானைத் தட்டுவார், ஒன்று குறையும். புதுப் பெட்டி வந்தால் அதற்கொரு பொத்தான், அத்தனையும் கூடும். இதற்குக் கவுன்ட்டர் என்று பெயர். அந்த எண்கள்தான் என் வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திரையில் தெரியும். மற்ற மருந்துகள் எப்படியோ, பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறது என்று அந்தத் திரை சொல்வதை நம்பித்தான் நான் வண்டியைத் திருப்புவேன். கடிபட்டவரை ஏற்றிக்கொண்டு மருந்து இல்லாத இடத்துக்குப் போய் நின்றால் நான் ஓட்டியது ஆம்புலன்ஸ் இல்லை, பிண வண்டி.

இந்த எண்களை ஒரே சர்வரில் வைத்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். மழையில் லைன் போய்விட்டால் மலையில் இருக்கிறவர்கள் யாரைக் கேட்பார்கள் என்று திருப்பிக் கேட்டாள். அதனால் ஐந்து ஊர்களில் ஐந்து சர்வர்கள். ஒவ்வொன்றும் தன்னிடம் வந்த கூட்டல் கழித்தலைத் தன் பங்காக வைத்துக்கொண்டு மற்ற நான்குக்கும் சொல்லும். யாராவது கேட்டால் எல்லாப் பங்கையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். கூட்டுவதும் கழிப்பதும் சுலபம், அழிப்பதுதான் பெரும்பாடு என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அழிப்பதில் என்ன பெரிய வித்தை, ஒரு தட்டுத் தட்டினால் போயிற்று என்றேன்.

அது எப்படிப் போகாது என்பதை என் தம்பி எங்கள் வீட்டிலேயே செய்து காட்டினான். காலாவதியான இருமல் மருந்துப் பாட்டிலை அவள் குப்பைக் கூடையில் போட்டாள். எனக்குச் சொன்னாள், அம்மாவுக்குச் சொன்னாள், மகளுக்கும் சொன்னாள். தம்பி மட்டும் ராத்திரி வேலை முடிந்து வந்து உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலம் எழுந்தவன் கூடையில் பாட்டிலைப் பார்த்தான். எடுத்தான், கழுவினான், துடைத்தான், அலமாரியில் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான்.

“நல்ல மருந்து கூடையில கெடந்துது அண்ணி. யாரோ தெரியாம போட்டுட்டாங்க போல. எடுத்து வெச்சுட்டேன்” என்று பெருமை வேறு.

வேறொருத்தியாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். இவள் கையைத் தட்டினாள்.

“இதேதாங்க! எங்க சர்வரும் இதேதான் பண்ணும். அழிக்கிறப்ப ஒண்ணு தூங்கிட்டு இருந்தா அதுக்குச் சேதி போகாது. மத்ததெல்லாம் ‘அழிச்சாச்சு’ன்னு ஒரு குறிப்பு வெச்சிருக்கும். ஆனா அதையும் எத்தனை நாளைக்கு வெச்சிருக்கும்? ஒரு கெடு தாண்டினா குறிப்பையும் தூக்கிப் போட்டுடும். அப்புறம் தூங்கினவன் எழுந்து வந்து, எங்கிட்ட இவ்வளவு இருக்கேன்னு நின்னா, இல்லன்னு சொல்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.”

“சரி, வந்தா வந்துட்டுப் போகுது.”

“அதே பேர்ல நீங்க புதுசா எண்ண ஆரம்பிச்சிருப்பீங்களே? பழசும் புதுசும் கலந்து நிக்கும். எது எதுன்னு ஆண்டவனாலயும் பிரிக்க முடியாது.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதை எறிந்தாலும் நடுக்கூடத்தில் நின்று அறிவிப்புத்தான். “அந்தத் தைலத்தை எறிஞ்சாச்சு, கேட்டுச்சா?” என்பாள். ஒவ்வொரு அறையிலிருந்தும் “கேட்டுச்சு” என்று குரல் வர வேண்டும். குளித்துக்கொண்டிருந்தாலும் விலக்கு கிடையாது. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் பயந்துபோய்த் தானும் “கேட்டுச்சும்மா” என்று சொல்லிவிட்டார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மழை தொடங்கும் சமயம், ஆற்றங்கரை மருத்துவமனையில் மருந்து வைத்திருந்த ஃபிரிட்ஜ் ஒரு விடுமுறை நாளில் படுத்துவிட்டது. உள்ளே இருந்த விஷமுறிவு மருந்து அத்தனையும் வெந்து வீணாகிவிட்டது. எல்லாவற்றையும் எறிந்துவிட்டார்கள். ஆனால் திரையில் முப்பத்தெட்டு என்று அப்படியே நின்றது.

வீணானதைக் கழித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்றேன்.

“எறிஞ்சது முப்பத்தொண்ணுதான். திரை முப்பத்தெட்டுன்னு காட்டுது” என்றாள். “லைன் தடுமாறினா நர்ஸ் தட்டினது போச்சா போகலையான்னு தெரியாது. ஒருத்தர் மறுபடி தட்டுவாங்க, ரெண்டாக் கணக்காகும். ஒருத்தர் விட்டுடுவாங்க, கணக்குலயே வராது. அந்த எண்ணே பொய்யிங்க. பொய்யில இருந்து எதைக் கழிச்சாலும் பொய்தான் மிஞ்சும். மொத்தமா அழிச்சுட்டுத்தான் புதுசா ஆரம்பிக்கணும்.”

அதற்கு நேரம் சரியாக வாய்க்கவில்லை. மலையிலிருக்கும் சர்வர் அறையின் கூரை ஒழுகுகிறது என்று அந்தச் சர்வரை அணைத்துப் போட்டு மராமத்து நடந்துகொண்டிருந்தது. ஐந்தில் ஒன்று தூக்கம். ஆற்றங்கரைக்கோ புது மருந்து கிளம்பிவிட்டது. மாவட்ட அதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. பத்துத் தொலைபேசிக்கும் பதில் சொல்லியே தலை வழுக்கையானவர். “டெலிட் பண்ணிட்டு அதே பேர்ல புதுசா ஆரம்பிங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை” என்றார்.

“மலை சர்வர் முழிச்சு, அழிச்சதைக் கேட்டுக்கிட்ட பிறகு அழிச்சா சரி சார். இல்ல, இப்பவே வேணும்னா புதுப் பேர்ல ஆரம்பிக்கலாம். பழைய பேரை இனிமே எதுக்குமே வைக்கக் கூடாது.”

“புதுப் பேர்னா ஒவ்வொரு ஆம்புலன்ஸ்லயும் திரையை மாத்தணும். வண்டியெல்லாம் வரிசையா இங்க வரணும். அதுவரைக்கும் மாத்தாத வண்டியில ஆத்தங்கரைக்கு என்ன காட்டும்?”

“ஒரு கோடுதான் காட்டும் சார். தெரியாதுன்னு அர்த்தம்.”

“மருந்து இருக்கிற இடத்துல தெரியாதுன்னு காட்டி, அதனால ஒரு உயிர் போச்சுன்னா?”

அதற்கும் அவளிடம் பதில் இருந்ததாம். “தெரியாதுன்னா டிரைவர் போன் பண்ணிக் கேப்பாரு சார். இருக்குன்னு பொய் சொன்னா கேக்க மாட்டாரு, நேரா போயிடுவாரு. கோடு காட்டுற வண்டிக்கெல்லாம் என் நம்பரைக் குடுங்க. நான் பதில் சொல்றேன். ஏதாவது ஆச்சுன்னா அதுக்கும் நான் பொறுப்பு.”

அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டு சரி என்றார். அவள் முதலில் ஆற்றங்கரையில் யாரும் பழைய பொத்தானைத் தட்டாதபடி அடைத்தாள். பிறகு பழைய எண்ணை அழித்தாள். விழித்திருந்த நான்கும் கேட்டுக்கொண்டன. வந்த மருந்துக்குப் புதுப் பெயரில் கவுன்ட்டர் திறந்தாள். மலை அறைக்குப் போய், தன்னைக் கேட்காமல் யாரும் சுவிட்சைப் போடக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு என் பாடுதான் திண்டாட்டம். திரையை மாற்ற வண்டிகள் வரிசையில் நின்றன. நின்றவர்களுக்கெல்லாம் வாய்க்கு அவல் நான்தான். “என்னண்ணே, அண்ணி பேரை மாத்தச் சொல்லிட்டாங்களாமே. உங்க பேரை எப்ப மாத்தப் போறாங்க?” என்றான் ஒருத்தன். வீட்டுக்கு வந்து எரிந்து விழுந்தேன். அவள் கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

“நாளைக்கு முதல் ஆளா உங்க வண்டியைக் கொண்டு வாங்க” என்றாள். “வீட்டுக்காரர் வண்டியே மாறலன்னா மத்தவங்க எப்படி நம்புவாங்க?”

கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

அந்த நாட்களில் அவள் கையிலிருந்து கைபேசி இறங்கவே இல்லை. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். குளிக்கப் போனால் மகள் வாசலில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு வண்டியாகத் திரை மாறியது. கடைசி வண்டியும் மாறியபோது அப்பாடா என்று இருந்தது. மிஞ்சியது அதிகாரியின் அறைச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரை மட்டும்தான். அது வேறொரு கம்பெனிக்காரனுடையது. இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று அவன் போக்குக் காட்டினான். மலைக் கூரையும் அதே கதைதான். இரண்டு நாள் வேலை என்றவர்கள் மழையைக் காரணம் காட்டி இழுத்துக்கொண்டே போனார்கள். நான்கு சர்வர்களும் வைத்திருந்த ‘அழித்தாயிற்று’ குறிப்பின் கெடு முடிந்துபோனது. சுவர்த் திரையில் ஆற்றங்கரைக்கு நேரே கோடு மட்டும் தெரிந்தது. எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

அன்று பிற்பகல் வானம் மூடியிருந்தது. புல் அறுக்கப் போன ஒரு பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது என்று அழைப்பு. போனேன். கல்யாண வயசுப் பெண். காலை அசைக்காமல் கட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவளுடைய அண்ணன்காரன் கூடவே ஏறினான். ஏறும்போது நன்றாகப் பேசினாள். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே பேச்சு குழறத் தொடங்கியது. என்னுடன் வரும் மருத்துவ உதவியாளர் பின்னாலிருந்து, “அண்ணே, கண்ணு இமை சரியுது” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சீக்கிரமே மூச்சும் சரியும்.

முன்னால் சாலை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஆற்றங்கரை, கால் மணி நேர தூரம். வலது பக்கம் நகரத்துப் பெரிய மருத்துவமனை, அதைப்போல இரண்டு மடங்கு தொலைவு. திரையைப் பார்த்தேன். ஆற்றங்கரைக்கு நேரே இரண்டு என்று இருந்தது. அதற்கு முந்தின வாரம் வந்த பாம்புக்கடிகளில் புது மருந்து கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. ஒருவருக்குத் தொடங்கவே பத்துக் குப்பி வேண்டும். நகரத்தில் நிறைய இருந்தது. வலது பக்கம் போக முடிவு செய்தேன், உதவியாளர் நகரத்துக்குத் தகவல் சொன்னார். அது காதுக்கு எட்டியதும் அதிகாரி என்னை அழைத்தார்.

“எங்க போறீங்க? ஆத்தங்கரைக்குத் திருப்புங்க. அங்க முப்பத்தெட்டு இருக்கு!”

“என் திரையில ரெண்டுதான் சார் இருக்கு.”

“என் எதிர்ல சுவர்லயே தெரியுதுப்பா. முப்பத்தெட்டு. உங்க திரை பழசா இருக்கும். திருப்புங்க, பொண்ணைச் சாகடிச்சிடாதீங்க!”

பின்னால் அவர் குரலைக் கேட்டுவிட்ட அண்ணன்காரன், “கிட்டத்துல இருக்குன்னு சொல்றாங்களே, ஏன் சார் தூரத்துக்குப் போறீங்க?” என்று அழ ஆரம்பித்தான். உதவியாளர் ஆற்றங்கரைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நர்ஸ் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. மனைவிக்குப் போட்டார். அவள் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி சொன்னபடி போய் மருந்து இல்லையென்றால் பழி அவர் தலையில். என் இஷ்டப்படி போய் இந்தப் பெண் வழியில் போய்விட்டால் பழி என் தலையிலும், வீட்டில் இருக்கிறவள் தலையிலும். மேலிடத்துப் பேச்சைக் கேட்டுப் பிழைப்பதற்கு நான் ஒன்றும் புதிதாகப் பழக வேண்டியதில்லை. ஆனாலும் அந்த முப்பத்தெட்டை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று உறைத்தது. அவள் அழித்த எண். ஒரு குப்பி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதே முப்பத்தெட்டு. தூங்கினவன் எழுந்துவிட்டான்!

வலது பக்கம் திருப்பினேன். அதிகாரி கத்தியது காதில் விழுந்தது. பதில் சொல்லவில்லை. வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை.

நகரத்தில் வாசலிலேயே ஆட்கள் காத்திருந்தார்கள். மருந்து ஏற ஆரம்பித்த பிறகு சுவரில் சாய்ந்து நின்றேன். அப்போதுதான் அவள் அழைப்பு வந்தது. “எங்க இருக்கீங்க?” என்றாள். நகரத்தில் என்றேன். சுவர்த் திரையில் முப்பத்தெட்டு தெரிகிற சேதி அதற்குள் அவளுக்கும் எட்டியிருந்தது. பிறகு, “நான் மலைக்குப் போறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மலையில் நடந்தது இதுதான். கூரை வேலை முடிந்து, விளக்கு எரிகிறதா என்று பார்க்க எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சைப் போட்டிருக்கிறார். கதவில் அறிவிப்பு இருந்தது உண்மைதான். ஆனால் கதவையே கழற்றி, எழுத்து இருந்த பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்தார்கள். சர்வர் எழுந்தது, பழைய பெயரில் மற்ற நான்கும் முன்பு சொன்ன பங்குகளையும் சேர்த்துத் தன்னிடம் இருந்ததைச் சொன்னது, மறுத்துச் சொல்ல மற்ற நான்கிடமும் குறிப்பு இல்லை. இன்னும் பழைய பெயரையே கேட்டுக்கொண்டிருந்த ஒரே திரை அதிகாரியின் சுவரில் இருந்தது. கம்பெனிக்காரன் ஒருவழியாக வந்து திரையை மாற்றிவிட்டான், பெரிய சரக்கு ஏதோ வந்து இறங்கியிருக்கிறது என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். அவரிடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அவள் அதே பழைய பெயரில் திறந்திருந்தால்? முப்பத்தெட்டும் இரண்டும் சேர்ந்து நாற்பது என்று என் திரையிலேயே காட்டியிருக்கும். நான் இடது பக்கம் திரும்பியிருப்பேன். அதிகாரி சொல்லத் தேவையே இருந்திருக்காது.

கொட்டகையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அதிகாரி தானே படியிறங்கி வந்தார். “நான் சொன்னதைக் கேட்டுத் திரும்பியிருந்தீங்கன்னா…” என்று ஆரம்பித்தார். என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அது எனக்கே ஆச்சரியம்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் வீட்டுக்கு வந்தாள். செருப்பு முழுக்கச் சேறு. ஐந்து சர்வர்களையும் விழிக்க வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கச் செய்து, பழைய எண்ணைத் திரும்ப அழித்து, ஐந்தும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அங்கிருந்து கிளம்பியிருக்கிறாள். அந்தப் பெயரை இனி மாவட்டத்தில் எந்தக் கவுன்ட்டருக்கும் வைக்க முடியாதபடி பூட்டிவிட்டும் வந்தாள். நான் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். அண்ணன்காரன் அழுதது, அதிகாரி கத்தியது, நான் திருப்பியது எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மாவும் தம்பியும் மகளும் சுற்றி நின்று கேட்டார்கள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தலாம் போல இருந்தது.

“அவரு அவ்ளோ சொல்லியும் நான் உன்னைத்தான் நம்பினேன், தெரியுமா?” என்றேன்.

பாராட்டை எதிர்பார்த்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

“என்னை எதுக்கு நம்புறீங்க? எண்ணை நம்புங்க. பக்கத்து வண்டி டிரைவருக்கு என்னைத் தெரியுமா? அவரும் வலது பக்கம்தான் திரும்பியிருக்கணும். அதுக்குத்தானே இவ்ளோ பாடும்.”

எனக்குச் சுருக்கென்றது. சரி என்றேன். அவள் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். கைபேசியைக் கீழே வைக்காமல் ஒரு கையாலேயே வாரைக் கழற்றப் பார்த்தாள். உயிர் போனால் நான் பொறுப்பு என்று அன்றைக்குச் சொல்லிவிட்டு வந்தவள், அதன் பிறகு ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை என்பது அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் உட்கார்ந்து வாரைக் கழற்றிவிட்டேன்.

“அந்தப் பொண்ணு பேசினாளா?” என்று கேட்டாள்.

“இப்பத்தான் ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துது. கண்ணைத் தொறந்து தண்ணி கேட்டாளாம்.”

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. மகள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லடா” என்றேன். “உங்கம்மா ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கா. அழட்டும்.”